பல் கேப் கழன்றாலோ உடைந்தாலோ: இராமநாதபுரம் கடற்கரை மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரூட் கேனால் செய்து கேப் போட்ட பல், கெட்டுப்போகும்போதும் பெரும்பாலும் வலிப்பதில்லை. உள்ளிருந்த நரம்பை எடுத்துவிட்டதால், கேப் கழன்று விழுந்தாலும், ஓரம் பெயர்ந்தாலும், அடியில் சொத்தை புகுந்து வேர்வரை அரித்தாலும் அந்தப் பல் நமக்கு எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், இராமேசுவரம் வரையிலும், கீழக்கரையிலிருந்து ஏர்வாடி, சாயல்குடி வரையிலும் கடல் தொழிலை நம்பி வாழும் வீடுகளில், “வலி இல்லையே, தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சை அடிக்கடி கேட்கலாம். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். ஆகஸ்டில் கழன்ற கேப்புக்கு ஏப்ரல் வரை காத்திருந்தால், அதற்குள் மறுபடி ஒட்டியே சரிசெய்திருக்கக்கூடிய பல் பிடுங்க வேண்டிய பல்லாகிவிடலாம். கேப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகச் செய்துகொள்ளலாம். கேப்புக்கு உள்ளே மிஞ்சியிருக்கும் சொந்தப் பல்லைச் செய்துகொள்ள முடியாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த மிச்சப் பல்லைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

முதற்படி: உயிருக்கு ஆபத்து இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

கேப் எங்கே போனது என்பதுதான் முதற்கேள்வி. வாயிலோ கையிலோ தட்டிலோ இருந்தால் கவலை இல்லை. காணவில்லை என்றால், அது வயிற்றுக்குள் போயிருக்கிறதா, மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். திடீரென்று புரையேறியது போன்ற இருமல், மூச்சில் விசில் சத்தம், நெஞ்சில் அடைப்பு, குரல் மாற்றம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள், அல்லது உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சற்று நேரத்தில் இருமல் அடங்கிவிட்டால்கூட ஆபத்து நீங்கிவிட்டதாகப் பொருளில்லை. கேப் நுரையீரலின் ஒரு கிளைக்குழாயில் தங்கி, சில நாள் கழித்துச் சளியும் காய்ச்சலுமாக வெளிப்படக்கூடும். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் உலோகம் கலந்த கேப் தெளிவாகத் தெரியும்.

வயிற்றுக்குள் போன கேப் பெரும்பாலும் சில நாட்களில் மலத்தோடு வெளியேறிவிடும். அதைத் தள்ளுவதற்காகப் பேதி மருந்து சாப்பிட வேண்டியதில்லை. ஆனால் தொண்டையில் ஏதோ நிற்பது போன்ற உணர்வு, எச்சில் விழுங்க முடியாமை, வயிற்றுவலி, வாந்தி, மலத்தில் இரத்தம் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

அடுத்தது வீக்கம். பழுதான கேப்பின் கீழ் சீழ் கோத்து, கன்னமோ தாடைக்கு அடிப்பகுதியோ வீங்கி, வாய் திறக்க முடியாமல், நாக்கு மேலே தள்ளப்பட்டது போலத் தோன்றி, விழுங்குவதற்கோ மூச்சு விடுவதற்கோ சிரமமாக இருந்தால் அது பல் வலி என்ற நிலையைக் கடந்துவிட்டது. இந்தக் கிருமித்தொற்று கழுத்துக்குள் பரவி மூச்சை அடைத்துவிடக்கூடும். இரவாக இருந்தாலும், பாம்பன் பாலம் தாண்டிப் போக வேண்டுமே என்று விடியும்வரை காத்திராமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, அங்கிருந்து அவர்கள் அனுப்பினால் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இத்தகைய வீக்கம் மிக வேகமாகப் பெருகும் என்பதால் அவர்கள் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்கக் கூடாது.

இரண்டாம் படி: கழன்ற கேப்பைப் பத்திரப்படுத்துங்கள்

கேப் முழுதாக இருந்தாலும் துண்டாக இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். குடிநீரில் மெதுவாக அலசி, சுத்தமான பஞ்சில் வைத்து, மூடியுள்ள சிறு டப்பாவில் போடுங்கள். டிஷ்யூ தாளில் சுற்றி மேசையில் வைத்தால் குப்பையோடு போய்விடும். உட்புறம் ஒட்டியிருக்கும் பழைய சிமென்ட்டை (கேப்பைப் பல்லோடு ஒட்டும் பொருள்) ஊசியாலோ கத்தியாலோ சுரண்ட வேண்டாம். உள்விளிம்பு சிறிது சேதமானாலும் கேப் பல்லில் சரியாக அமராது. கேப்புக்குள் பல்லின் ஒரு பகுதியோ, சிறு உலோகத் தண்டோ ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். மருத்துவருக்கு அது ஒரு முக்கியத் தடயம்.

கடலில் இருக்கும்போது கழன்றால் வலைப்பாட்டை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று வாயிலேயே அடக்கி வைத்திருப்பதும், மறுபடி பல்லில் மாட்டிக்கொண்டு படகின் தளத்தில் படுத்துத் தூங்குவதும் வேண்டாம். வெளியே எடுத்து, குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில் அலசி, மாத்திரை டப்பாவிலோ டிபன் பாக்ஸின் சிறு கிண்ணத்திலோ வைத்துக் கரைக்குக் கொண்டு வாருங்கள்.

மூன்றாம் படி: என்ன பழுது என்று கண்ணாடியில் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில், கைப்பேசி விளக்கின் உதவியோடு பார்த்தால் நிலைமை ஓரளவு புரியும். கேப் முழுதாகக் கழன்று, உள்ளே, கேப்புக்காகச் சீவிய பல் உறுதியாக, வெடிப்பின்றி நிற்கிறது என்றால் அதுதான் இருப்பதிலேயே எளிதான நிலை. பெரும்பாலும் அதே கேப்பைத் திரும்ப ஒட்டிவிடலாம். கேப்போடு பல்லும் ஈறு மட்டத்தில் முறிந்து வந்திருந்தால் நிலைமை கடுமையானது. கேப் இடத்திலேயே இருந்து, மேலிருக்கும் வெள்ளைப் பீங்கான் மட்டும் பெயர்ந்து உள்ளே சாம்பல் நிற உலோகம் தெரிந்தால், அது மெட்டல் செராமிக் கேப்பில் வழக்கமாக நேரும் பழுது. அதற்கு அவசரம் குறைவு, ஆனால் உடைந்த விளிம்பு நாக்கையோ கன்னத்தையோ கீறுகிறதா என்று பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பழுதும் உண்டு, அதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று பற்களைச் சேர்த்துக் கட்டிய பிரிட்ஜில் ஒரு முனையின் சிமென்ட் கரைந்து விட்டுப்போனாலும், மறுமுனை பிடித்திருப்பதால் எதுவும் ஆடாது. ஆனால் விட்டுப்போன முனைக்குள் எச்சிலும் உணவும் புகுந்து, மூடிய இருட்டில் பல் சத்தமின்றி அழுகிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் மெல்லும்போது ஒரு கெட்ட வாடையோ உப்புக் கரிப்பது போன்ற சுவையோ வந்தால், விரலால் பிரிட்ஜை மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஈறோரத்தில் எச்சில் குமிழ் எழுந்தால் உள்ளே இடைவெளி விழுந்துவிட்டது என்று பொருள். இரண்டு முனையும் பிடித்திருக்கிறது என்று மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை அதை நம்பாதீர்கள்.

இம்பிளான்ட்டின் (தாடை எலும்பில் பதித்த செயற்கை வேர்) மேல் போட்ட கேப் ஆடினால் பெரும்பாலும் உள்ளிருக்கும் திருகு தளர்ந்திருக்கும். அதைக் கைவிரலால் திருகவோ ஒட்டவோ முயலாமல், இம்பிளான்ட் வைத்தவரிடமே காட்டுவது நல்லது. குழந்தைகளின் பால்பல்லில் போட்ட உலோகக் கேப் கழன்றால், வீட்டில் மாட்டிப் பார்க்கவே வேண்டாம். டப்பாவில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

நான்காம் படி: மருத்துவரைப் பார்க்கும் வரை

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். ஃபெவிக்விக் போன்ற பசைகளை வாய்க்குள் கொண்டுபோகாதீர்கள். ஈரம் பட்டதும் சூடாகி இறுகும் அந்தப் பசை ஈறையும், உயிருள்ள பல்லாக இருந்தால் நரம்பையும் சுடும். கேப் கோணலாக ஒட்டிக்கொண்டால், அதை எடுப்பதற்குக் கேப்பையும் சில வேளை பல்லையுமே வெட்ட வேண்டியிருக்கும். படகுப் பழுதுக்கு வைத்திருக்கும் எபாக்சிக்கும் இதே விதி.

பார்ப்பதற்கு முன்பல் என்பதாலோ, காற்றும் தண்ணீரும் பட்டுக் கூசுகிறது என்பதாலோ தற்காலிகமாக மாட்டியே ஆக வேண்டுமென்றால், இப்படிச் செய்யலாம். உட்கார்ந்த நிலையில், பல்லை மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கேப்பின் உட்புறத்தை ஈரப் பஞ்சால் துடைத்துக் காய விடுங்கள். எதையும் தடவாமல் முதலில் வெறுமனே மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் எது என்று கண்டுபிடித்து, அழுத்தாமலேயே அது முழுமையாக இறங்கி, வாயை மூடும்போது மற்றப் பற்கள் பழையபடி ஒன்றோடொன்று சேர்ந்தால் மட்டுமே அடுத்ததற்குப் போகலாம். பிறகு பல்செட் ஒட்டும் பசையையோ, மருந்துக்கடையில் தற்காலிகப் பல் சிமென்ட் கிடைத்தால் அதையோ, எதுவும் இல்லையென்றால் சாதாரணப் பற்பசையையோ உட்சுவரில் மெல்லிய படலமாகத் தடவி மாட்டி, பஞ்சை மெதுவாகக் கடித்துப் பிடித்து, பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். இரவில் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். கேப்புக்குள் பல்துண்டோ தண்டோ இருந்தாலும், கேப் ஆடினாலும், வலிப்பு நோயோ மறதி நோயோ உள்ளவராக இருந்தாலும் இதைச் செய்யவே கூடாது. கேப் இல்லாமலேயே இரண்டு நாள் இருந்துவிடலாம்.

வலிக்குப் பெரியவர்கள் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளி விட்டுச் சாப்பிடலாம்; 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோயோ அன்றாடக் குடிப்பழக்கமோ உள்ளவர்கள், உடல் மிக மெலிந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் தாமாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. கிராம்பு எண்ணெயை ஒரு சொட்டு பஞ்சில் தொட்டுப் பல்லில் மட்டும் வைத்தால் கூச்சம் சிறிது தணியும். அதிகமாகிப் போனால் ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறோரம் அடக்கி வைப்பதும் புண்ணைத்தான் உண்டாக்கும். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுவதால் கழன்ற கேப்புக்கு எந்தப் பயனும் இல்லை.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு, நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளியுங்கள். கடல் தண்ணீரில் கொப்பளித்தால் போதும் என்று துறைமுகங்களில் சிலர் சொல்வதுண்டு. படகுகளின் டீசலும் கழிவும் கலந்த அந்தத் தண்ணீரைத் திறந்த பல்லில் படவிடக் கூடாது. சாப்பாட்டை மறுபக்கத்தில் மெல்லுங்கள். நண்டு ஓடு, பனங்கற்கண்டு, முறுக்கு, கொட்டைப்பாக்கு ஆகியவை உடைக்கும்; கீழக்கரைத் தொதலும் கடலை மிட்டாயும் ஒட்டி இழுக்கும்; பனங்கிழங்கின் நார் சீவிய பல்லைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். சில நாட்களுக்குக் கஞ்சி, இட்லி, முள் நீக்கிய மீன் என்று இருப்பதே நல்லது.

ஐந்தாம் படி: எத்தனை நாளுக்குள், யாரிடம்

நரம்பு உயிரோடுள்ள பல்லில் கேப் கழன்றாலோ, வலி இருந்தாலோ, கூர்மையான விளிம்பு வாயைக் கீறினாலோ ஓரிரு நாளுக்குள் போக வேண்டும். ரூட் கேனால் செய்த பல்லென்றால், வலியே இல்லாவிட்டாலும் ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. காரணம் சொத்தை மட்டுமில்லை. கேப் இல்லாத இடத்தை நோக்கிப் பக்கத்துப் பற்கள் சாயத் தொடங்கும், எதிர்த்தாடைப் பல் இறங்கும், ஈறு சீவிய பல்லின் ஓரத்தின் மேல் வளரும். சில வாரங்களில் பழைய கேப் உட்காராது, புதிதாகச் செய்ய வேண்டிய செலவு வந்துவிடும். சிறு பீங்கான் சில்லு மட்டும் பெயர்ந்திருந்தால் இரண்டு வாரம்வரை தள்ளலாம்.

முதலில் கேப் போட்ட மருத்துவரிடமே போவது நல்லது, அவரிடம் பழைய எக்ஸ்ரேயும் விவரமும் இருக்கும். வேறொருவரிடம் போக நேர்ந்தால், பல் மருத்துவராகப் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள். தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. படிக்காமல் பல் கட்டுபவர்களிடம் போய், ஆடும் கேப்பைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு, பிறகு இரண்டு பற்களையும் இழப்பது மிகவும் வருந்தத்தக்கது. தனியார் மருத்துவரின் செலவு தாங்காதவர்கள் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டலாம். 2023-இல் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டிருக்கிறது. தொண்டி, திருப்பாலைக்குடிப் பக்கத்தவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

போகும்போது கழன்ற கேப், பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய வால்வு அறுவை சிகிச்சை, இரத்தம் உறையாமைக்கான மாத்திரை, எலும்புத் தேய்வுக்கான ஊசி, கர்ப்பம் ஆகியவற்றைக் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

ஆறாம் படி: மருத்துவரின் நாற்காலியில்

அவர் முதலில் பல்லைத் தட்டிப் பார்ப்பார், ஈறோரத்தில் கூர்கருவியால் சொத்தையைத் தேடுவார், சிறு எக்ஸ்ரே எடுப்பார். எக்ஸ்ரே எடுக்காமல் கேப்பை உடனே ஒட்டித் தர முன்வந்தால், வேரின் நிலையைப் பார்த்துவிட்டு ஒட்டலாமா என்று பணிவாகக் கேளுங்கள். கழன்றதற்குக் காரணம் தெரியாமல் ஒட்டிய கேப் மறுபடி கழலும்.

உள்ளே சொத்தை இல்லை, கேப்பும் ஓரமெங்கும் இடைவெளியின்றி அமர்கிறது என்றால், பழைய சிமென்ட்டை நீக்கி, புது சிமென்ட் வைத்து ஒட்டி, நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி உயரத்தைச் சரிபார்த்து அனுப்பிவிடுவார். ஓரத்தில் சொத்தை இருந்தால், அதை நீக்கிய பிறகு பழைய கேப்புக்கும் பல்லுக்கும் இடையே இடைவெளி விழும். அப்போது புதுக் கேப்தான் வழி.

பல் முறிந்திருந்தால், எல்லாம் ஒரே ஒரு கேள்வியைப் பொறுத்தது: ஈறுக்கு மேலே சுற்றிலும் உறுதியான பல் எவ்வளவு மிச்சமிருக்கிறது? ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு வளையம் போலச் சொந்தப் பல் இருந்தால், வேருக்குள் போஸ்ட் எனும் தண்டு வைத்து, மேலே கட்டி எழுப்பி, புதுக் கேப்பை நிறுத்தலாம். அந்த வளையம் இல்லாமல், போஸ்டை மட்டும் நம்பி நிற்கும் கேப் நெடுநாள் தாங்குவதில்லை. சில நேரம் ஈறையும் எலும்பையும் சிறிது குறைத்துப் பல்லை வெளிக்கொணரும் சிறு அறுவை சிகிச்சையால் அந்த உயரத்தைப் பெறலாம். வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் பல்லை எடுப்பதே சரி. அந்த நிலையில் கேப்பை ஒட்டிக் காசு செலவழிப்பது வீண். ஆகவே “என் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது, இந்த ஏற்பாடு எவ்வளவு காலம் நிற்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?” என்று நேரடியாகக் கேளுங்கள்.

பீங்கான் பெயர்ந்த கேப்பைப் பொறுத்தவரை, சிறு சில்லானால் தேய்த்து மெருகிட்டாலே போதும். நடுத்தர உடைவை, பல் நிறப் பொருளால் வாயிலேயே பூசி மறைக்கலாம். ஆனால் கடிக்கும் பரப்பில் அந்தப் பூச்சு நெடுநாள் நிற்காது என்பதைத் தெரிந்தே செய்துகொள்ள வேண்டும். புதுக் கேப் போடுவதானால், கடைவாய்ப்பல்லுக்கு, மேலே பீங்கான் அடுக்கு இல்லாத முழு ஜிர்கோனியாவையோ (பல் நிறமுள்ள உறுதியான பொருள்) முழு உலோகத்தையோ தேர்ந்தெடுப்பதே இந்தக் கரையில் வாழ்பவர்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. நண்டும் கருவாடும் வெற்றிலைப்பாக்கும் அன்றாடம் மெல்லும் வாயில் அடுக்குப் பீங்கான் பெயர்வதற்கு வாய்ப்பு அதிகம். முன்பல்லுக்கு அழகு முக்கியம் என்பதால் அங்கே வேறு கணக்கு. தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் அதைச் சொல்லி, இரவில் போட்டுக்கொள்ளும் பாதுகாப்புத் தட்டு தேவையா என்று கேட்க வேண்டும்.

புதுக் கேப்புக்கு அளவு எடுத்து, ஆய்வகத்திலிருந்து வந்து சேரப் பல நாட்கள் ஆகலாம். அதுவரை போடும் தற்காலிகக் கேப் உறுதி குறைந்தது. ஆகவே சொத்தையை நீக்கிப் பல்லை மூடிப் பாதுகாக்கும் வேலையை உடனே முடித்துக்கொண்டு, பலமுறை வந்துபோக வேண்டிய பெரிய வேலையை மருத்துவர் சம்மதித்தால் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாம். தள்ளிப்போடுவதாக இருந்தால் இப்படித்தான் தள்ளிப்போட வேண்டும்.

கடலுக்குள் மூழ்கித் தொழில் செய்பவர்களுக்கு

சங்கு குளிப்பவர்களும், பாசி எடுக்கக் கடலுக்குள் மூழ்கும் பெண்களும் தங்கள் தொழிலைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் உடலின் மேல் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இருமடங்காகிறது. சிமென்ட் கரைந்த கேப்புக்கு அடியிலோ, சொத்தைக்குள்ளோ சிக்கிய காற்று இறங்கும்போது சுருங்கி, ஏறும்போது விரியும். அதனால் கடும் வலி உண்டாகலாம், கேப் கழலலாம், மெலிந்த பல் வெடிக்கவும் செய்யலாம். அழுத்தம் மாறி மாறி வரும்போது துத்தநாக பாஸ்பேட், கிளாஸ் அயனோமர் சிமென்ட்டுகளின் பிடி தளர்கிறது. ரெசின் சிமென்ட் அந்த அளவு தளர்வதில்லை. எந்த சிமென்ட் என்று மருத்துவர் முடிவெடுக்க இந்த ஒரு தகவல் உதவும். மூழ்கும்போது மட்டும் கேப் போட்ட பல் வலித்தால், கரையில் வலியே இல்லாவிட்டாலும், அது கேப்பின் அடியில் இடைவெளி விழுந்திருப்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். தற்காலிகக் கேப்போடும், பாதியில் நிற்கும் ரூட் கேனாலோடும் மூழ்கவே வேண்டாம். நீருக்கடியில் கழன்ற கேப் மூச்சுக்குழாய்க்குள் போனால் உதவிக்கு ஆள் கிடைக்காது.

ஒட்டிய பிறகு

முதல் 24 மணி நேரம் அந்தப் பக்கம் கடினமானதையோ ஒட்டுவதையோ மெல்ல வேண்டாம். ஈறோரம் சில நாள் வலிப்பது இயல்பு. ஆனால் வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் முட்டுகிறது என்றால், பழகிவிடும் என்று விடாதீர்கள். சில நிமிடங்களில் தேய்த்துச் சரிசெய்யக்கூடிய அந்த உயரம்தான் பின்னால் பீங்கானையும் வேரையும் உடைக்கும். கேப்புக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள கோட்டில்தான் சொத்தை தொடங்குகிறது என்பதால், பிரஷ்ஷை அந்தக் கோட்டில் சாய்த்துத் தேய்த்து, இரவில் பல் நூலால் இடுக்குகளைச் சுத்தம் செய்யுங்கள். தற்காலிகக் கேப் இருக்கும் நாட்களில் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுக்க வேண்டும். தங்கூசி எனும் நைலான் இழையைப் பல்லால் கடித்து அறுப்பதும், வலை முடிச்சைப் பல்லால் இழுப்பதும், சோடா மூடியைக் கடித்துத் திறப்பதும் கேப் போட்ட வாய்க்கு ஆகாது. வலைப்பெட்டியில் ஒரு சிறு கத்தரிக்கோல் இருக்கட்டும்.

கடைசியாக, எந்தப் பல், எந்தப் பொருளால் செய்த கேப், எந்த சிமென்ட், ஒட்டிய தேதி ஆகியவற்றை மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில ஜிர்கோனியா கேப்களுக்கு உத்தரவாத அட்டை தருவார்கள். அதைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் புறப்படுபவர்கள், பயணத்துக்கு முந்தைய நாள் போய் நிற்காமல், குறைந்தது ஒரு மாதம் முன்பே கேப்களைச் சோதித்து எக்ஸ்ரேயின் நகலையும் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே கழன்றால், அந்தத் தாளையும் எக்ஸ்ரேயையும் வைத்துத்தான் வேற்று நாட்டு மருத்துவர் வேலையைத் தொடங்குவார்.